நான்கு தந்திகளும் நான்கு விரல்களும்

இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் நம் கம்பம் பள்ளத்தாக்கில்தான் உள்ளது. அவருடைய பாடல்களில் பேஸ் கிட்டார் வெறும் துணைக்கருவியன்று. பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டாகவே நடந்து செல்லும். அதைக் கேட்டு வளர்ந்த நம் பங்கு இளைஞர்கள், கருவியைக் கையிலெடுத்த அன்றே பாடலை வாசிக்கத் துடிக்கிறார்கள். கை நோக, சில வாரங்களில் சுவரில் சாய்த்துவிடுகிறார்கள்.

தந்திகள் தடித்தவை. வழக்கமான 34 அங்குலத் தந்தி நீளத்தில் முதல் நான்கு ஃபிரெட்டுகள் ஏறத்தாழ 7 அங்குலம் பரந்து கிடக்கின்றன. அடுத்த நான்கோ ஐந்தரை அங்குலத்தில் அடங்கிவிடும். ஆகவே தொடக்கநிலையினரை ஐந்தாம் ஃபிரெட்டில் தொடங்கச் சொல்கிறோம். ஆள்காட்டி விரல் முதல் சுண்டுவிரல் வரை, ஃபிரெட்டுக்கு ஒரு விரலாக ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. இப்படியே நான்கு தந்திகளிலும். வலக்கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டட்டும். மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60; அதற்கு மேல் இப்போது வேண்டாம்.

மோதிர விரலும் சுண்டுவிரலும்தான் மல்லுக்கு நிற்கும். அவற்றின் தசைநார்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்று எழுந்தால் மற்றதும் எழும். அது சோம்பலன்று, உடலமைப்பு. (இதை அறியாமல் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பாடகர் குழுத் தலைவர்கள் உண்டு.) விரல்நுனி எரிச்சல் தோல் தடித்ததும் அடங்கும், மணிக்கட்டு வலித்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

கிறிஸ்து பிறப்பு விழா நள்ளிரவுத் திருப்பலிக்கு மார்கழிக் குளிரில் விரல்கள் விறைத்துப்போகும். ஆகவே பத்து நிமிடம் முன்னதாகவே, ஒலிபெருக்கியோடு இணைக்காமல், ஒரு மூலையில் இப்பயிற்சியை முடித்துவிடலாம். இணைக்காத பேஸ் கிட்டார் பக்கத்திலிருப்பவருக்கே சரியாகக் கேளாது; செபமாலை சொல்லும் பாட்டிமாருக்கு இடைஞ்சலில்லை.