அம்மா பாட்டில் ஒரு கரகரப்பு

கவாத்து பத்தி எழுதுறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த தடவை. இந்தப் பத்து நாளா தோட்ட வேலையைவிட ஒரு கம்ப்யூட்டர் வேலைதான் என்னைத் தின்னுடுச்சு.

அம்மா போன ஐப்பசியில் தவறிட்டாங்க. இப்போ வருஷத் திதி வருது. அன்னைக்கு அம்மா பாடினதையே வீட்டில் போடணும்னு அக்காவுக்கு ஆசை.

அம்மா இலங்கையில் மஸ்கெலியா பக்கம் கொழுந்து பறிச்சவங்க. 1964-ல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்களே, அதில் இந்தியா ஏத்துக்கிறதா ஒத்துக்கிட்ட 5,25,000 பேரில் எங்க குடும்பமும் அடக்கம். எனக்கு நாலு வயசு இருக்கும்போது தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம், அப்புறம் இந்த கோத்தகிரி மலை. எங்களை மாதிரி ஆளுங்களுக்காகவே 1968-ல் அரசாங்கம் ஆரம்பிச்ச தேயிலைத் தோட்டத்தில், அதாவது இன்னைக்கு டான்டீன்னு சொல்றதில், அப்பாவுக்கு வேலை கிடைச்சுது. கூட வந்தது ரெண்டு ட்ரங்குப் பெட்டியும், அம்மா தலைக்குள்ள இருந்த பாட்டும்தான். காமன் கூத்துப் பாட்டு, கொழுந்து பறிக்கையில் பாடுறது, தாலாட்டு. ஒண்ணையும் யாரும் எழுதி வைக்கல.

அக்கா மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். மைக் ரெண்டு, அதைச் சொருகுற ஒரு சின்னப் பெட்டி, ஒரு லேப்டாப், இவ்வளவுதான் அவனோட ஸ்டுடியோ. அம்மா இருக்கும்போதே லீவுக்கு வந்தப்பல்லாம் எங்க வீட்டு உள் அறையில் கம்பளியைத் தொங்கவிட்டு ஏழு பாட்டு பதிவு பண்ணினான். திதிக்காக இப்போ அதுக்கு தப்பு, டோலக், புல்லாங்குழல், கூடப் பாடுற அக்கா குரல் எல்லாம் சேர்த்து ஒண்ணாக் கலந்து அனுப்பியிருந்தான்.

போட்டுக் கேட்டேன். மனசு திக்னு ஆயிடுச்சு. அம்மா குரலை ஏத்திப் பாடுற இடத்தில் எல்லாம் கரகரன்னு, கிழிஞ்ச ஸ்பீக்கர் மாதிரி. என் போன்தான் கெட்டதோன்னு பக்கத்து வீட்டுப் பையனோட ஹெட்போனில் கேட்டேன். அதே கரகரப்பு.

"மாமா, நான் சத்தத்தைக் குறைச்சு அனுப்புறேன்"னான். அனுப்பினான். சத்தம் குறைஞ்சுது, கரகரப்பு அப்படியே இருந்தது. அப்பதான் எனக்குப் பயம் வந்துச்சு. அம்மா பாடின அன்னைக்கே அது கெட்டுப் போச்சுன்னா, திரும்பப் பாடச் சொல்ல ஆள் இல்லையே.

சனிக்கிழமை பஸ் ஏறி வந்துட்டான். ராத்திரி ஹீட்டரைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தோம். அவன் சொல்லித்தான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. கம்ப்யூட்டரில் சத்தத்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்காம். அதுக்குப் பேரு பூஜ்ஜியம் டெசிபல். மத்ததெல்லாம் அதுக்குக் கீழே, மைனஸில். சிடி தரத்தில் ஒவ்வொரு அளவையும் 65,536 படியில் ஒண்ணாத்தான் எழுத முடியும். மேல் படியைத் தாண்டினா எழுத இடமில்லை, வெட்டிடும். திரையில் பெருசாக்கிக் காட்டினான். அலை மேலே போய் உருண்டு திரும்ப வேண்டிய இடத்தில் தட்டையா நிக்குது, மட்டம் வெட்டின தேயிலைச் செடி மாதிரியே. செடியாவது மறுபடி தளிர்க்கும். வெட்டின அலையைச் சின்னதாக்கினாலும் அது தட்டையாவேதான் இருக்கும். சத்தத்தைக் குறைச்சும் கரகரப்பு போகாதது அதனாலதான்.

அப்போ எங்கே வெட்டுப்பட்டது? மைக்கிலயா, கலக்கும்போதா?

ஆடாசிட்டின்னு ஒரு இலவச மென்பொருள். அதில் மத்த எல்லாத்தையும் ஊமையாக்கிட்டு அம்மா குரலை மட்டும் ஓட விட்டான். வெட்டுப்பட்ட இடத்தைச் சிவப்புக் கோடாக் காட்டச் சொல்லி ஒரு வசதி இருக்கு, அதையும் போட்டான். முதல் பாட்டில் ஒரு கோடு இல்லை. ரெண்டாவதிலும் இல்லை. குரல் பளிங்கு மாதிரி இருந்துச்சு. இடையில் அம்மா இருமினது, வெளியே நாய் குலைச்சது எல்லாம் கேட்டுச்சு. நான் எழுந்து போய் டீ போட்டேன். வேற ஒண்ணும் செய்யத் தோணல.

தப்பு கலக்குற இடத்தில்தான் நடந்திருக்கு. சத்தம் பத்தலைன்னு ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியா உச்சிக்கு ஒரு டெசிபல் கீழே வரைக்கும் ஏத்தி வச்சிருந்தான். தனியாப் பார்த்தா எல்லாம் வரம்புக்குள்ளதான். ஆனா ஒண்ணுபோல இருக்கிற ரெண்டு சத்தம் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போனா 6 டெசிபல் கூடிடும். இங்கே அஞ்சு டிராக். எங்க ஓடையில் மழைக்கு நாலு பக்கத்துத் தண்ணியும் கரைக்குள்ளதான் வரும். ரோட்டுக்கு அடியில இருக்கிற ஒரே குழாய்க்கு வந்தவுடனே ரோட்டு மேல ஏறிடும். அதே கதை.

வைத்தியம் சாதாரணம்தான். அஞ்சு டிராக்கையும் ஒரே அளவாப் பத்து டெசிபல் இறக்கினான். மென்பொருளுக்குள்ள உச்சியைத் தாண்டினாலும் தாங்குமாம், கடைசியில் கோப்பா வெளியே எடுக்கும்போதுதான் வெட்டுமாம். அதனால எடுக்குறதுக்கு முன்னாடியே இறக்கிட்டா ஒண்ணும் போகாது. குரலுக்கு அடியில கிடந்த காத்து உறுமலையும் வடிகட்டினான், கேட்காத அந்தச் சத்தமும் இடத்தை அடைச்சுக்குதாம். திரும்பக் கலந்ததும் கரகரப்பு இல்லை. "சத்தம் கம்மியா இருக்குடா"ன்னேன். "கேட்கிறவங்க வால்யூமைத் திருகிக்கட்டும் மாமா"ன்னான். சரிதானே.

ஏழாவது பாட்டு மட்டும் வேற. அது கடைசித் தடவை, உடம்பு முடியாம இருந்தப்ப பாடினது. குரல் மெலிஞ்சு போச்சுன்னு மைக் சத்தத்தை நிறைய ஏத்தி வச்சிருக்கான். ஒரு அடியில் அம்மாவுக்கு எங்கிருந்தோ தெம்பு வந்து பழைய மாதிரி எடுத்துட்டாங்க. அம்மா டிராக்கிலேயே மூணு இடத்தில் சிவப்புக் கோடு. அவன் தலையில் கையை வச்சுக்கிட்டான். "குறைச்சுப் பதிவு பண்ணியிருந்தா அப்புறமா ஏத்தியிருக்கலாம் மாமா, மைனஸ் பன்னிரண்டு பக்கம் வச்சாலே போதும். அம்மாயி இப்படி எடுப்பாங்கன்னு நான் நினைக்கல"ன்னான்.

வெட்டின அலையை ரெண்டு பக்கத்தையும் பார்த்து ஊகம் பண்ணி நிரப்புற ஒரு கருவியும் அதில் இருக்கு. போட்டுப் பார்த்தோம். ரெண்டு இடம் பரவாயில்லை. மூணாவதில் நிரப்பினது அம்மா மாதிரி இல்லை, வேற யாரோ மாதிரி இருந்துச்சு. அதை அழிச்சுட்டு வெட்டுப்பட்டதையே வைக்கச் சொல்லிட்டேன்.

அக்காவுக்கு ஏழையும் போட்டுக் காட்டினோம். ஏழாவதுக்கு அவ ஒண்ணும் சொல்லல, இன்னொரு தடவை போடுன்னா. பதிவு பண்ணின மூல டிராக்குகளை ரெண்டு பென்டிரைவில் எடுத்து, ஒண்ணு அக்கா வீட்டில், ஒண்ணு எங்க அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கு.