திருப்பணி முடிந்த வேளையில் ஊர் திரும்புதல்

மாரியூர் ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில், மன்னார் வளைகுடாவை ஒட்டி இருக்கும் கடற்கரை ஊர். சாயல்குடியிலிருந்து கடல் பக்கமாகப் போனால் பனங்காடும் உடைமரங்களும் கடந்து ஊர் வரும். கண்மாய் நிறைந்தால்தான் வயல் விளையும் வானம் பார்த்த பூமி இது. மழை பொய்த்த ஆண்டுகளில் கருப்பட்டி, கரிமூட்டம், உப்பளம், மீன்பிடிப்பு ஆகியவைதான் சோறு போட்டன. அவையும் போதாதபோது பிள்ளைகள் பாஸ்போர்ட் எடுத்தார்கள். கீழக்கரை முதல் சாயல்குடி வரை இந்தக் கடற்கரையில் வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ ஆள் இல்லாத தெரு அரிது. முஸ்லிம் குடும்பங்களில் அப்படிப் போனவரைச் 'சபுராளி' என்பார்கள்.

2025 ஏப்ரல் முதல் வாரத்தில் அயல்நாட்டு வேலையிலிருந்து மாரியூருக்கு வந்த ஒருவருக்கு அது பதினோரு ஆண்டுகளுக்குப் பிந்தைய வருகை. வேலை மாறியது, கொரோனா வந்தது, பிள்ளைகளின் படிப்புச் செலவு கூடியது. ஒவ்வோர் ஆண்டும் பயணம் தள்ளிப்போனது. இந்த முறை அவரைக் கிளப்பிவிட்டவை இரண்டு. ஒன்று துபாயில் நடந்த கிரிக்கெட் இறுதிப்போட்டி, மற்றொன்று உத்தரகோசமங்கைக் கோயிலின் கும்பாபிஷேகம்.

இறுதிப்போட்டி மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அவ்வாண்டின் சாம்பியன்ஸ் டிராபியைப் பாகிஸ்தான் நடத்தினாலும், இந்திய அணி தன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் துபாயிலேயே ஆடியது. நியூசிலாந்து 50 ஓவர்களில் 7 விக்கெட் இழப்புக்கு 251 ரன் எடுத்தது. தமிழ்நாட்டுச் சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்ரவர்த்தி அதில் 2 விக்கெட் வீழ்த்தினார். ஒருநாள் போட்டிகளில் அவர் அறிமுகமாகி ஒரு மாதமே ஆகியிருந்தது. அது ரமலான் மாதம். இந்தியா மட்டை பிடித்துக்கொண்டிருந்தபோதே நோன்பு திறக்கும் நேரமும் வந்தது. ராமநாதபுரத்துக்காரர்களோடு சேர்ந்து அவர் தங்கியிருந்த அறையில் கீழக்கரைத் தோழர்கள் காய்ச்சிய நோன்புக் கஞ்சி எல்லாருக்கும் கிடைத்தது. கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அவர்கள் ஆட்டத்தைப் பார்த்தார்கள். ரோகித் சர்மா 76 ரன் எடுத்தார். 49ஆவது ஓவரில் ஜடேஜா அடித்த நான்கு ரன்னுடன் இந்தியா 4 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. 2002இல் இலங்கையுடன் பகிர்ந்துகொண்டதையும் 2013இல் வென்றதையும் சேர்த்து இது மூன்றாவது கோப்பை.

சொந்த நாட்டில் இருப்பவருக்கு இத்தகைய வெற்றி ஒரு திருநாள். அயல்நாட்டில் வேலை பார்ப்பவருக்கு அது அதற்கும் மேலானது. அங்கே அவர் அடையாள அட்டையில் ஓர் எண். அன்றிரவு மட்டும் அவர் எந்த நாட்டுக்காரர் என்பதை எல்லாரும் அறிந்து கைகுலுக்கினார்கள். ஆனால் அந்தப் பெருமை அவர் உழைத்துச் சேர்த்ததல்ல, வந்து சேர்ந்தது. மறுநாள் காலை ஐந்து மணி வண்டிக்கு அவர் வழக்கம்போல் எழுந்தாக வேண்டும். அவருக்கு ஊர் நினைப்பு வந்ததும் அந்தக் காலையில்தான்.

உத்தரகோசமங்கை ராமநாதபுரத்துக்குத் தென்மேற்கே, மாரியூரிலிருந்து மாவட்டத் தலைநகருக்குப் போகும் வழியை ஒட்டியிருக்கிறது. மங்கள நாதரும் மங்களேஸ்வரியும் குடிகொண்ட இத்தலத்தை மாணிக்கவாசகர் திருவாசகத்தில் பாடியிருக்கிறார். சிவபூசையில் விலக்கப்படும் தாழம்பூ இங்கே ஏற்கப்படுகிறது. இங்குள்ள மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் இருப்பார். மார்கழித் திருவாதிரையையொட்டி மட்டுமே அது களையப்படும். ராமநாதபுரம் சமஸ்தான தேவஸ்தானத்தைச் சேர்ந்த இக்கோயிலில் திருப்பணி முடிந்து, 2025 ஏப்ரல் 4 வெள்ளிக்கிழமை கும்பாபிஷேகம் நடந்தது. அதை முன்னிட்டுச் சில நாள்கள் சந்தனமில்லாத மரகத மேனியைக் காணும் வாய்ப்பும் மக்களுக்குக் கிடைத்தது.

கும்பாபிஷேகம் ஒரு நாள் விழா. அதன் பின்னால் இருக்கும் திருப்பணியோ நெடுநாள் வேலை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்வது மரபு. முதலில் பாலாலயம்: தெய்வத்தின் ஆற்றலைக் குடத்துக்கோ அத்திப் பலகைக்கோ மாற்றி வைத்து, அதற்கு அன்றாட வழிபாடு நடத்துவார்கள். பிறகு கோபுரத்தில் முளைத்த ஆல், அரசங்கன்றுகளை வேரோடு எடுப்பது, சுதைச் சிற்பங்களைச் சீர்செய்வது, தளவரிசையின் ஒழுக்கை அடைப்பது, கல்லின் மேல் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைக் களைவது என்று வேலை நீளும். முடிவில் சிலையைப் பீடத்தோடு இணைக்க அஷ்டபந்தன மருந்து இடிப்பார்கள். கொம்பரக்கு, சுக்கான், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்ற எட்டும் ஒன்றாகி மெழுகுபோல் ஆகும்வரை கை ஓயக் கூடாது.

கடலோரக் கோயில்களில் இன்னொரு சிக்கல் உண்டு. காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் இறங்குகிறது. வெயிலில் ஈரம் வற்றும்போது உப்பு படிகமாகி விரிந்து, கல்லின் மேற்பரப்பைப் பொரியச் செய்கிறது. பழைய சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். கல்லின் மீது மணலை வேகமாகப் பீய்ச்சித் தூய்மை செய்த முறையால் சிற்பங்களும் கல்வெட்டுகளும் மழுங்கின. அம்முறை இப்போது தடை செய்யப்பட்டிருக்கிறது. சிமெண்ட் இப்படிச் சுவரை அரிப்பதால்தான் சுண்ணாம்போடு மணலைச் சேர்த்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் ஊற்றிப் புளிக்கவைக்கும் பழைய முறைக்கு மீண்டும் மதிப்பு வந்திருக்கிறது.

இந்தக் காரையின் பக்குவம் சாயல்குடிப் பக்கத்தாருக்குப் புதிதல்ல. பனையேறி பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவார். தடவாவிட்டால் பதநீர் கள்ளாகிவிடும். அந்தப் பதநீரைக் காய்ச்சித்தான் கருப்பட்டி எடுக்கிறார்கள். ஊர் திரும்பியவர் வந்திறங்கியது பதநீர்க் காலம். "எப்ப வந்தீக? எப்ப போறீக?" என்று கேட்டுக்கொண்டே பனையேறி ஒருவர் ஓலைப் பட்டையைப் பிடித்து, அதில் பதநீரை ஊற்றிக் கொடுத்தார். அவர் விரல் நகங்களில் சுண்ணாம்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது. கோயில் சுவரைத் தாங்குவதும் வீட்டு அடுப்பை எரியவைப்பதும் ஒரே பனையும் ஒரே சுண்ணாம்பும்தான்.

உப்புக் காற்று அரிப்பது கோயில்களை மட்டுமல்ல. கும்பாபிஷேகம் முடிந்த இரண்டாம் நாள், ஏப்ரல் 6 அன்று, இதே மாவட்டத்தின் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. கப்பல் போக அதன் 72.5 மீட்டர் நீள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரும். 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய பாலத்தில் உப்புக் காற்றின் அரிப்பு முற்றியதால் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுபோயிருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்தப் பழைய பாலத்தின் பெரும்பகுதியும் கடலில் போனது. மீனவர்கள் இடம் காட்ட, கடலில் கிடந்த கர்டர்கள் மீட்கப்பட்டன. பொறியாளர் இ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாளில் பாலம் மீண்டும் எழுந்தது. சீரமைத்தவர்களின் பெயர் இன்றும் சொல்லப்படுவதற்கு அந்த உழைப்பே காரணம்.

மாரியூரின் சொந்தச் செல்வம் பூவேந்தியநாதர் கோயில், அம்மன் பவளநிறவல்லி. இக்கோயிலும் சமஸ்தான தேவஸ்தானத்தைச் சேர்ந்தது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 57ஆவதாக வரும் 'வலைவீசின படலம்' இவ்வூரோடு தொடர்புடையதாக மக்கள் போற்றுகிறார்கள். வேதப் பொருள் கேட்கையில் கவனம் தவறிய உமை பரதவர் குலத்தில் பிறக்கிறாள். நந்தி சுறாவாகிக் கடலைக் கலக்குகிறார். சிவன் வலைஞராக வந்து வலை வீசிச் சுறாவை அடக்கி அவளை மணக்கிறார். சித்திரைத் திருவிழாவில் இக்கதை கடலிலேயே நிகழ்த்திக் காட்டப்படுகிறது. 2025இல் சித்ரா பௌர்ணமி மே 12இல் வந்தது. ஊர் திரும்பியவர் விடுப்பை அதுவரை நீட்டிக்கொண்டார். சிறுவயதில் தோளில் ஏறிப் பார்த்த காட்சியை இப்போது முழங்கால் அலையில் நின்று பார்த்தார். வலை விழுந்ததும் எழுந்த ஆரவாரம் மார்ச் 9 இரவின் ஆரவாரத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.

கோப்பையை இந்தியா மறுபடி வெல்லலாம், தோற்கலாம். அது பதினொரு பேர் கையில் இருக்கிறது. சீரமைத்த கோயிலைக் காப்பது ஊரார் கையில் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் கோபுரத்தில் தலைகாட்டும் கன்றைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும். தளத்தின் நீர்த்தாரையில் சேரும் சருகை அள்ள வேண்டும். கல்மேல் வெள்ளையடிக்கவோ பெயிண்ட் பூசவோ விடக் கூடாது. உடைந்த இடத்தைச் சிமெண்டால் அடைக்காமல் காரை தெரிந்த கொத்தனாரை அழைக்க வேண்டும். அயல்நாட்டிலிருந்து நன்கொடை அனுப்புவோர் இவற்றுக்கென ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கினால், அடுத்த திருப்பணியில் செய்யவேண்டிய வேலை குறையும்.