பிறந்த வீடு குவார்ட்டர்ஸா? நெய்வேலியிலிருந்து அக்கா தங்கைகளுக்கு ஒரு கேரவன் பயணம்!

நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்த பெண்களிடம் 'பிறந்த வீடு எங்கே?' என்று கேட்டால், பதில் கொஞ்சம் தயங்கித்தான் வரும். வட்டம், தெரு, கதவு எண் எல்லாம் மனப்பாடம். ஆனால், அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருப்பார்கள். அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அம்மா தோட்டத்தில் வைத்த மாமரமும் முருங்கையும் அடுத்து வருகிறவர்களுக்கு.

அக்கா கோவையில், தங்கை பெங்களூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் பழைய தெருவைப் பார்க்க ஆசை வந்தால், லாட்ஜில்தான் ரூம் போட வேண்டும். தாய்வீட்டுக்குப் போன உணர்வு அதில் வருமா? இப்படிப்பட்டவர்களுக்குப் பொருத்தமான ஒரு பயணம் இருக்கிறது. வீட்டையே கூட அழைத்துக்கொண்டு போகும் கேரவன் பயணம்!

நட்சத்திரங்களுக்கு மட்டும் இல்லை

கேரவன் என்றாலே நமக்கு சினிமா ஷூட்டிங்தான் ஞாபகம் வரும். நெய்வேலிக்காரர்களுக்கு 'மாஸ்டர்' படப்பிடிப்பு ஞாபகம் வரும். 2020 பிப்ரவரியில் விஜய் ஒரு வேன் மேல் ஏறி, திரண்டிருந்த ரசிகர்களோடு செல்ஃபி எடுத்தது இந்த ஊரில்தான்.

படுக்கை, சின்ன சமையல் மேடை, குளியலறை, கழிப்பறை இவ்வளவும் உள்ள வண்டிதான் கேரவன். மத்திய சுற்றுலாத் துறை 2016-ல் இதற்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கியது. டிரைவரோடு வாடகைக்குக் கொடுப்பவர்களே அதிகம் என்பதால், முதல்முறை போகிறவர்கள் பயப்படத் தேவையில்லை.

நீண்ட பயணம் என்றால் பெண்களுக்கு முதல் கவலை கழிப்பறைதான். அதற்குப் பயந்தே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள் எத்தனை பேர்! அந்தக் கவலையை கேரவன் பாதியாவது குறைக்கிறது.

'நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வருமா?' என்று தோன்றினால், ஆலிஸ் ராம்ஸேயை நினைத்துக்கொள்ளலாம். 1909-ல் நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வரை காரிலேயே அமெரிக்காவைக் கடந்த முதல் பெண் அவர். அப்போது வயது 22. கூடப் போனவர்கள் இரண்டு நாத்தனார்களும் ஒரு தோழியும். நால்வரில் கார் ஓட்டத் தெரிந்தவர் ஆலிஸ் மட்டும்தான். ஒழுங்கான சாலைகூட இல்லாத அந்தக் காலத்தில் 59 நாள்களில் போய்ச் சேர்ந்தார்கள். நாத்தனார்களோடு 59 நாள் போக முடிந்திருக்கிறது. அக்கா தங்கை மூன்று நாள் போக முடியாதா என்ன?

முதல் நாள்: நெய்வேலி

விக்கிரவாண்டி, பண்ருட்டி வழியாக வந்தால் சாலையோரத்தில் பலாப்பழமும் முந்திரியும் வரவேற்கும். ஆர்ச் கேட்டைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் வெயில் கொஞ்சம் தணிந்ததுபோல் தெரியும். மரங்கள் அடர்ந்த, அகலமான நேர்ச் சாலைகள். பெரிய வண்டியின் நீளமும் உயரமும் பிடிபட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிவந்தது. இந்த ஊரின் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1956-ல் நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் சுரங்கப் பணியைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருப்பதால், அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் சுரங்கத்தின் தரையையே நீர் பிளந்துவிடும். முன் அனுமதி இல்லாமல் சுரங்கத்துக்குள் போக முடியாது. பாதுகாப்பு, மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் கையில். ஆகவே, 'தெரிந்த ஊர்தானே' என்று சுரங்கப் பக்கம் வண்டியை நிறுத்தி சமைக்க ஆரம்பித்துவிடக் கூடாது!

சோவியத் உதவியோடு 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம், 2020-ல் நிறுத்தப்பட்டது. அப்பாக்களைப் போலவே அதற்கும் ஓய்வு.

மாலையில் நடராஜர் கோயில். 10 அடிக்கும் மேல் உயரமான ஐம்பொன் நடராஜர் இங்கே இருக்கிறார். குறைகளை மனுவாக எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, ஆராய்ச்சி மணியை அடித்துவிட்டு வருவது இந்தக் கோயிலின் வழக்கம். பரீட்சை சமயத்தில் எழுதிய மனுக்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அக்கா தங்கைக்குப் பொழுது போவதே தெரியாது. பங்குனி உத்திரம் என்றால் வில்லுடையான்பட்டு முருகனையும் பார்த்துவிடலாம். இங்கே முருகன் கையில் வில்!

பழைய குவார்ட்டர்ஸுக்குப் போனால் வண்டியைத் தெரு முனையில் நிறுத்திவிட்டு நடந்து போவது நல்லது. திடீரென்று பெரிய வண்டி வாசலில் நின்றால் இப்போது குடியிருப்பவர்கள் மிரண்டுபோவார்கள். 'நாங்க முன்னாடி இங்கே இருந்தோம்' என்று சொன்னால் கதவைச் சாத்துகிறவர்கள் குறைவு. தாங்களும் ஒருநாள் சாவியைத் தர வேண்டியவர்கள்தான் என்பது அவர்களுக்கும் தெரியும்.

இரண்டாம் நாள்: வடலூர், சேத்தியாத்தோப்பு

காலையில் கிளம்பினால் அரைமணி நேரத்துக்குள் வடலூர். 1867-ல் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சாதி, மதம் கேட்காமல் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. வண்டியில் சமையல் மேடை இருந்தாலும் அன்றைக்கு அதற்கு லீவு. பக்கத்திலேயே 1872-ல் திறக்கப்பட்ட சத்திய ஞான சபை. தைப்பூசத்தன்று ஜோதி தரிசனத்துக்குக் கூட்டம் அலைமோதும் என்பதால், அந்த நாள்களில் கேரவனோடு போகாமல் இருப்பது நல்லது.

அங்கிருந்து சேத்தியாத்தோப்பு. வழியெல்லாம் வயல்கள். இந்தப் பக்கத்தில்தான் வளையமாதேவி இருக்கிறது. 2023 ஜூலையில் சுரங்கக் கால்வாய்க்காக, பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கியபோது தமிழகமே அதிர்ந்தது. சுரங்கத்துக்காக வீட்டையும் நிலத்தையும் கொடுத்துவிட்டுப் போன கிராமங்கள் நெய்வேலியைச் சுற்றிப் பல உண்டு. குவார்ட்டர்ஸ் பெண்களுக்குத் தெருவாவது மிச்சமிருக்கிறது. அந்தக் கிராமங்களில் பிறந்த பெண்களுக்குத் தாய்வீடு இருந்த இடத்தில் இப்போது பள்ளம்தான். டவுன்ஷிப்புக்குள்ளேயே வளர்ந்தவர்கள் ஒருமுறையாவது இறங்கிப் பார்க்க வேண்டிய சாலை இது.

மூன்றாம் நாள்: பிச்சாவரம்

சேத்தியாத்தோப்பிலிருந்து ராகவேந்திரர் அவதரித்த புவனகிரி வழியாகச் சிதம்பரம். முதல்நாள் இரவே சிதம்பரம் போய்த் தங்கிவிட்டால், விடியற்காலையில் நடராஜரைத் தரிசித்துவிட்டு பிச்சாவரம் போகலாம். தேர் வீதிகளில் நெரிசல் இருக்கும் என்பதால் பெரிய வண்டியை வெளியே நிறுத்திவிட்டு ஆட்டோவில் போங்கள். சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகில் போகும்போது நிழலும் தண்ணீரும்தான் துணை. வெயில் ஏறுவதற்கு முன் போனால் பறவைகள் நிறைய தென்படும்.

நெய்வேலியிலிருந்து பிச்சாவரம் வரை மொத்தமே 100 கிலோமீட்டருக்குள்தான். முதல் பயணத்துக்கு இந்தத் தூரம் போதும்.

கிளம்பும் முன் கவனிக்க

வண்டியை எடுக்கும்போதே தண்ணீர்த் தொட்டி, கழிவுத்தொட்டி, காஸ் இணைப்பு, பேட்டரி எல்லாவற்றையும் உரிமையாளரிடம் இயக்கிக் காட்டச் சொல்லி, செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கம் ஒட்டிவிடுங்கள். ரயில்வே பாலங்களிலும் தாழ்ந்த கிளைகளிலும் அதுதான் காப்பாற்றும். கழிவுத்தொட்டியை வாய்க்காலிலோ ஏரியிலோ திறந்துவிடக் கூடாது. எங்கே காலி செய்வது என்று முன்கூட்டியே உரிமையாளரிடம் கேட்டு வையுங்கள். வண்டி ஓடும்போது அடுப்புக்கு முழு ஓய்வு.

இரவில் ஆளில்லாத இடத்தில் நிறுத்தாதீர்கள். ஹோட்டல் வளாகம், பெரிய பெட்ரோல் பங்க் போன்ற வெளிச்சமான இடங்களில் அனுமதி கேட்டு நிறுத்துவதே பாதுகாப்பு. ஓட்டத் தெரிந்தவர்கள் தாங்களே ஓட்ட விரும்பினால், ஆர்.சி-யில் வண்டியின் எடையைப் பாருங்கள். 7,500 கிலோவைத் தாண்டினால் சாதாரண கார் லைசென்ஸ் போதாது.

எப்போது போகலாம்? மழையில்லாத ஜனவரி, பிப்ரவரி சுகம். பலாப்பழம் வேண்டும் என்றால் கோடையின் தொடக்கம். நெய்வேலி புத்தகக் கண்காட்சியையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் ஜூலை நிகழ்ச்சி நிரல் வெளியானதும் வண்டியை புக் செய்யலாம். வாங்கும் புத்தகங்களை வைக்க இடமா இல்லை, வீடுதான் கூடவே வருகிறதே!