வெட்டாத உளி

மயிலாப்பூர் பங்குனிப் பெருவிழாவின் மூன்றாம் நாள் காலையில் கபாலீசுவரர் அதிகார நந்தி மேல் எழுந்தருளுவார். 1917-இல் செய்தளிக்கப்பட்ட வெள்ளி வாகனம் அது. இந்த ஆண்டு கூட்டத்தில் நின்று பார்த்தபோது, இப்படி வெள்ளியில் கொடியும் சுருளும் எழுப்புகிறவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்களா என்று கேட்டேன். நகை வியாபாரத்தில் உள்ள நண்பர், மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கும் பத்தர் வீட்டுக்கு அழைத்துப்போனார்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. குங்கிலியம், செங்கல் தூள், எண்ணெய் மூன்றையும் காய்ச்சி இறக்கிய அரக்கு ஒரு பலகையில் படிந்திருக்க, அதன்மேல் வெள்ளித் தகடு. ஏதோ ஓர் அம்மனுக்கான கவசத்தின் தோள் பகுதி. தகடு இழுப்பது, பற்றவைப்பது எல்லாம் வேறு இடத்தில் நடக்கும். இங்கே நடப்பது கொடியும் சுருளும் எழுப்பும் கொடிக்கருக்கு வேலை மட்டும்.

அவர் பக்கத்தில் ஒரு தகர டப்பா நிறைய உளிகள். ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் அழுத்தினார். கீறவில்லை.

“இது வெட்டாது சார். வெட்டினா தகடு கிழிஞ்சிடும். தள்ளத்தான் செய்யணும்.”

உளியின் தலையைத் துளி பின்னுக்குச் சாய்த்துப் பிடித்துத் தட்டுகிறார். ஒவ்வொரு தட்டுக்கும் அது தானாகவே ஒரு நூல் முன்னேறுகிறது. சுருள் குறுகக் குறுக, வளைந்த வாய் உள்ள சிறிய உளிக்கு மாறுகிறார். உளி மாறினாலும் தட்டின் தாளம் மாறக் கூடாது. ஒரு தட்டு வலுத்துவிட்டால் கோட்டில் படி விழும். மையம்வரை கண் அங்கேயே இடறும். அடி வாங்க வாங்க வெள்ளி விறைக்கும். உடனே அரக்கிலிருந்து பெயர்த்து, லேசாகச் சிவக்கக் காய்ச்சி, மறுபடி பதிக்க வேண்டும். சூடு எல்லை மீறி 961 டிகிரியைத் தொட்டால் வெள்ளி உருகிவிடும். அவரிடம் வெப்பமானி கிடையாது. சன்னல் கதவைச் சாத்தி அறையை இருட்டாக்கி, நிறம் பார்த்து நிறுத்துகிறார். கடைசியில் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் பித்தளைக் கம்பி பிரஷும் போட்டுத் தேய்த்தபோது சுருளின் மேடு மின்னியது, பள்ளம் கறுத்தே நின்றது.

கூலி எப்படி என்று கேட்டேன். எடைக்குத்தானாம். இந்த ஏற்பாடு எவ்வளவு அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள். தகடு மெலிய மெலிய வேலை கூடும், எடை குறையும். ஆக, அதிக நேரம் உழைத்து எழுப்பிய நுணுக்கமான கவசத்துக்குத்தான் குறைந்த கூலி. உபயதாரர் செய்கூலி, சேதாரம் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறார். அது கடை, ஆர்டர் பிடிப்பவர், அவருக்குக் கீழே இன்னொருவர் என்று கைமாறித் தேய்ந்து இந்த முன்னறைக்கு வருகிறது. டை போட்டு அழுத்திய மலிவுத் தகடும் போட்டிக்கு நிற்கிறது. “பையன் கம்ப்யூட்டர் படிச்சிட்டான். அவனை இதுல உக்கார வைக்க மாட்டேன்” என்றார் பத்தர். அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

சாமிக்குக் கவசம் சாத்த நினைக்கிறவர்கள் முதலில் பட்டறைக்கு வாருங்கள். செய்கிறவர் முகத்தைப் பாருங்கள். வெள்ளிக்கு ஒரு கணக்கு, அவர் உட்காரும் நாளுக்கு ஒரு கணக்கு என்று பிரித்து, கூலியை நேராக அவர் கையில் கொடுங்கள். கோயில் நிர்வாகங்களும் இதையே விதியாக வைக்கலாம். எடைக்கு விலை பேசும்வரை இந்தக் கைவேலைக்கு அடுத்த தலைமுறை வராது.