"ஆர்ஆர் 20"

1/ போன வாரம் நைட் ட்யூட்டில ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருத்தன் போனை நீட்டினான். "அண்ணா, கம்ப்யூட்டேஷனல் மாடலிங்ல போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்பாம். எம்பிபிஎஸ் போதுமா?" போதாதுடான்னேன். முகம் வாடிருச்சு. அவன்கிட்ட சொன்னதை இங்கேயும் எழுதி வெக்கிறேன்.

2/ போஸ்ட்டாக்னா பிஎச்டி முடிச்சவங்களுக்கு. டாக்டர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஐசிஎம்ஆர் ஃபெல்லோஷிப், மத்திய அரசோட தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் ரெண்டுக்கும் எம்டி, எம்எஸ் முடிச்சவங்களும் விண்ணப்பிக்கலாம். ஆனா வயசு வரம்பு இருக்கு. வெறும் எம்பிபிஎஸ்ஸோட முப்பதுகள்ல நிக்கிற என்னை மாதிரி ஆளுக்குக் கதவு சாத்தியாச்சு.

3/ அதுக்காக இது நம்ம துறை இல்லைன்னு நினைக்காதீங்க. மலேரியா கொசுவை 1897-ல செகந்திராபாத்ல அறுத்துப் பார்த்த ரொனால்ட் ராஸ்தான், பின்னாடி மலேரியா பரவலுக்குக் கணக்கும் போட்டார். கசௌலி பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல வேலை பார்த்த மெக்கென்ட்ரிக்கும் டாக்டர்தான். கெர்மாக்கோட சேர்ந்து 1927-ல அவர் எழுதின சமன்பாட்டை ஒப்பிட்டுப் பார்த்தது 1905-06 பம்பாய் பிளேக் சாவுக் கணக்கோட. கொரோனா சமயத்துல டிவில பார்த்த வளைகோடுகளுக்கு அதுதான் வேர்.

4/ நம்ம ஊருக்கு வருவோம். 2022-ல தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்துச்சு. டிபி உறுதியானதும் சில விஷயம் பார்க்கணும். உயரத்துக்கு ஏத்த எடை, கால் வீக்கம், நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன், பிடிமானம் இல்லாம நிக்க முடியுதா. மூச்சு 24-க்கு மேல போனா அட்மிஷனுக்கு யோசிக்கணும். ஸ்கேன் வேண்டாம், பெரிய லேப் வேண்டாம்.

5/ இப்படிச் சேர்ந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளோட விவரத்தை வெச்சு சென்னை ஐசிஎம்ஆர் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஒரு மாடல் செஞ்சாங்க. 2025-ல அது நாம பதிவு பண்ற ஆப்லயே வந்துருச்சு. தீவிர நிலைன்னா இறப்பு வாய்ப்பு 10 முதல் 50 சதவீதம், இல்லைன்னா 1 முதல் 4 சதவீதம்னு காட்டும்.

6/ இப்ப என் கதை. இந்தத் திட்டம் வர்றதுக்கு முன்னாடி, வேற ஒரு ஆஸ்பத்திரி. வேடசந்தூர் பக்கம் மில்லுல வேலை பார்த்த அண்ணன் ஒருத்தர். மாத்திரை எழுதி அனுப்பிட்டேன். ரெண்டாவது வாரம் இறந்துட்டார். சீட்டை எடுத்துப் பார்த்தேன். "ஆர்ஆர் 20". என் கையெழுத்து. நான் எண்ணவே இல்லை. எடை எழுதவே இல்லை.

7/ டாக்டர்களுக்குத் தெரியும் அந்த 20 எங்கிருந்து வருதுன்னு. மூச்சை எண்ண ஒரு நிமிஷம் ஆகும், வெளிய இருநூறு பேர் நிக்கிறாங்க. எந்த போஸ்ட்டாக் வந்து எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர்ல போட்டாலும், நாம பொய்யா எழுதின 20-ஐ அது நிஜம்னுதான் நம்பும்.

8/ தம்பிகிட்ட சொன்னது இதுதான். எம்டி முடி, இல்லைன்னா எம்பிஎச் பண்ணு. புள்ளியியல் கத்துக்கோ, கோடிங் கத்துக்கோ. ஃபெல்லோஷிப்புக்குக் கண்டிப்பா போடு. ஓபி சீட்டோட நிலைமை தெரிஞ்ச ஆள் அங்க வேணும்.

9/ அதுவரைக்கும் வாட்ச்சைப் பார்த்து முழுசா ஒரு நிமிஷம் எண்ணு. மறுநாள் காலையில வார்டு கேஸ் ஷீட்ல அவன் எழுதியிருந்தது 28. நானும் எண்ணிப் பார்த்தேன். 28தான்.