பதினாறாம் நாளுக்குப் பிறகு

எங்கள் ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு வீட்டில் கேதம் என்றால் தெருவே திரண்டுவிடும். பந்தல் போட, வெளியூர்ச் சொந்தங்களுக்குப் போன் போட என்று ஆளுக்கொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். கையில் காசைத் திணித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவரவர் பாட்டைப் பார்க்கப் போய்விடுகிறோம். துக்கம் முழுசாக உறைப்பதே அதற்குப் பிறகுதான்.

சக்கம்பட்டியில் எனக்குத் தெரிந்த நெசவாளி ஒருவர் இறந்தபின் அவர் மனைவி தறிக்குழியில் இறங்கவே இல்லை. பாதி நெய்த பாவு அப்படியே கிடந்தது. அடுத்த வீட்டுப் பெரியம்மா தினமும் சாயங்காலம் தன் ராட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து தார் சுற்றுவார். புத்திமதி ஒன்றும் சொன்னதில்லை. “சாப்ட்டியாத்தா?” என்பார், பதில் வராவிட்டாலும் மறுநாள் வருவார். ஒருநாள் அந்தப் பெண் தானாகவே தறிக்குழியில் காலை வைத்தார். பெரியம்மா அந்த வீட்டுக்குப் பத்து ரூபாய் கொடுத்திருக்க மாட்டார்.

விசாரிப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரை வைத்து உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. சென்னை, கொழும்பு உட்பட ஐந்து இடங்களில் நடந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவினரிடம் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்டார்கள். 2008இல் முடிவு வெளியானது. முதல் பிரிவில் நூற்றுக்கு 2.2 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 பேர்தான். சென்னையில் இதில் பங்கெடுத்தவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். மனம் உடைந்தவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதற்கென்றே 1986இல் ‘ஸ்நேகா’வைத் தொடங்கியவர் அவர்.

பணத்தை நான் குறைத்துப் பேசவில்லை. கடன்காரன் வாசலில் நிற்கும் வீட்டுக்கு ஆறுதல் சொல் மட்டும் போதாது. ஆனால், ‘வெறுங்கையோடு எப்படிப் போவது’ என்று கூச்சப்பட்டே எத்தனை பேர் போகாமல் இருந்துவிடுகிறோம்! அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள். போன இடத்தில் ‘எல்லாம் சரியாப் போயிரும்’ என்று அவசரமாகப் பேச்சை முடிக்காதீர்கள். நம் வீட்டுக் கதையை ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் பேசட்டும். ‘இருந்து என்ன செய்ய’ என்ற சொல் காதில் விழுந்தால் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். நம் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 104க்கோ 14416க்கோ போன் போட்டால் பேச ஆள் இருக்கிறார்கள்.

ஆண்கள் வாய் திறக்க நாளாகும். “நல்லாத்தான் இருக்கேன், நீங்க எதுக்குண்ணே அலையுறீங்க” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்த வாரமும் போங்கள். டீக்கடைக்குக் கூட்டிப்போங்கள். டீக்காசை நான் கொடுக்கிறேன் என்று அவர் சட்டைப்பையில் கையை விட்டால், தடுக்காதீர்கள்.