இடது கால் செருப்பு

என் அண்ணனின் செருப்புகளில் இடது கால் செருப்புதான் எப்போதும் முதலில் தேயும். 1980களின் தொடக்கத்தில் அவர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தார். விடுமுறைக்குப் போளூர் வழியாக மலையேறிச் சென்று அவருடன் தங்குவேன். மழை ஓய்ந்த மாலைகளில், சாமைக் கொல்லைகளுக்கு நடுவே செல்லும் செம்மண் பாதையில், தம் யெஸ்டியை இடப்புறம் சாய்த்துப் பின்சக்கரத்தை வழுக்கவிடுவார். கைப்பிடி வலப்பக்கம் திரும்பியிருக்கும். வண்டியோ இடப்பக்கம் வளையும். இடது கால் மண்ணைக் கீறிக்கொண்டே வரும். மலையாளிச் சிறுவர்கள் கைதட்டுவார்கள். நான் கண்களை மூடிக்கொள்வேன்.

மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய ஆங்கில மோட்டார் இதழ் ஒன்றுதான் இந்த வித்தையில் அவருக்குக் குரு. ஸ்பீட்வே என்ற பந்தயத்தைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. நீள்வட்ட மண் தடம், நான்கு பேர், இடஞ்சுழியாக நான்கு சுற்று. மெத்தனாலில் ஓடும் 500 சிசி வண்டிக்குப் பிரேக்கே கிடையாது. வேகத்தை அடக்குவது வழுக்கல்தான். தரையில் உரசும் இடது காலுக்கு இரும்புத் தகடு கட்டிக்கொள்வார்கள். ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, 1928இல் லண்டனை அடுத்த ஹைபீச்சில் வேரூன்றி, ஐரோப்பாவெங்கும் பரவிய விளையாட்டு இது. 1960இல் தேசிய அணிகளுக்கான உலகக் கோப்பை தொடங்கியபோது முதலில் வென்றது ஸ்வீடன். அண்ணன் அடிக்கடி சொன்னதோ 1979ஆம் ஆண்டைப் பற்றி. ஏறத்தாழ முப்பது லட்சம் மக்களே இருந்த நியூசிலாந்து, ஐவன் மாகரின் அணியுடன் லண்டன் ஒயிட் சிட்டியில் அந்தக் கோப்பையை வென்றது. "மண்ணும் வண்டியும் போதும். நம்மிடம் இரண்டும் இருக்கின்றனவே" என்பார்.

நம்மிடம் இருந்தது சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் ஆண்டுக்கொரு முறை பந்தயத் தடமாகும். சென்னையே அங்கே திரளும். அண்ணன் அதில் கலந்துகொள்ள விரும்பினார். அனுமதி கேட்டு அப்பாவுக்குக் கடிதமும் எழுதினார். அந்த வாரம் ஊர் திரும்பிய நான், சாமைக் கொல்லைப் பாதையில் கண்டதையெல்லாம் அப்பாவிடம் விவரித்தேன். அச்சத்தில் சொன்னேனா, பொறாமையில் சொன்னேனா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. அப்பா மலையேறிச் சென்று, அம்மாவின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு அண்ணனின் செருப்புகள் இரண்டும் ஒன்றுபோலத் தேய்ந்தன. யார் சொன்னது என்று அவர் என்னை ஒருநாளும் கேட்கவில்லை.

1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தது. 2011இல் சென்னையின் சரத்குமார் 125 சிசி உலகப் போட்டியில் களமிறங்கினார். 2015இல் சி.எஸ். சந்தோஷ் டக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்தியரானார். 2019இல் ஐஸ்வர்யா பிஸ்ஸே மகளிருக்கான பாஹா உலகக் கோப்பையை வென்றார். இவர்களெல்லாம் தனி வீரர்களாகச் சென்றவர்கள். உலகத்துக்கே இருசக்கர வண்டிகளைச் செய்து அனுப்பும் இந்த நாட்டின் பெயர், ஸ்பீட்வே அணிக் கோப்பையை வென்ற நாடுகளின் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத அந்த அணியில் அண்ணனுக்கு மட்டும் ஓர் இடம் இருந்ததாக நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அண்ணன் மாரடைப்பால் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் அவர் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய பதினாறு வயதுப் பெண் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பயிற்சிக்குச் சேர வேண்டுமென்கிறாளாம். பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். "நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதுதான், சித்தப்பா" என்றாள்.

உடனே பதில் சொல்ல இயலவில்லை. மறுநாள் போளூர் சென்று மலைப்பேருந்தில் ஏறினேன். அந்தப் பாதையில் இப்போது தார் போட்டிருக்கிறார்கள். தலைக்கவசம் இல்லாமல் மூன்று பையன்கள் ஒரே வண்டியில் வளைவுகளில் பறந்து இறங்கினார்கள். அச்சம் எனக்கு மாறவில்லை. ஆனால் அஞ்ச வேண்டிய இடம் எது என்பது அன்று விளங்கிற்று. கவசமும், கற்றுத்தர ஆளும், எதிரே பேருந்து வராத ஒரு தடமும் இருந்தால் போதும். அண்ணன் கேட்டதும் அவ்வளவுதான்.

அங்கிருந்தே அவளை அழைத்தேன். "கையெழுத்துப் போடம்மா" என்றேன். பிறகு, நாற்பது ஆண்டுகளாக அவள் அப்பாவிடம் சொல்லாமல் வைத்திருந்ததை அவளிடம் சொன்னேன்.

சற்றுநேரம் மௌனமாக இருந்தவள், "அப்பாவுக்குத் தெரியும், சித்தப்பா" என்றாள்.